அக்ரோபோலிஸ் குன்றில் வழிபாடு எங்கே நடந்தது?

ஏதென்ஸில் அதீனா தெய்வத்துக்கு எழுப்பிய பெரிய பளிங்குக் கட்டடமான பார்த்தெனான் உண்மையில் கோயிலா, இல்லை கோயில் மாதிரி கட்டிய கருவூலமா? அது நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றின் மேல் வழிபாடு என்று என்னதான் நடந்தது? கேள்வியில் இப்படி இரண்டு பகுதி இருக்கிறது. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். யார், எந்த இடத்தில், எதை வணங்கினார்கள் என்று தெரிந்துவிட்டால் பார்த்தெனானைப் பற்றிய சந்தேகம் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

பழைய கிரேக்க வழிபாட்டுக்கு அடிப்படை பலிபீடம்தான். கோயில் என்பது தெய்வச் சிலையும் காணிக்கைகளும் இருக்கும் வீடு. கூட்டமாக உள்ளே போய் நின்று வணங்கும் வழக்கம் அங்கே இல்லை. பலிபீடம் வெளியே, திறந்த வானத்தின் கீழ், பெரும்பாலும் கோயிலின் கிழக்கு வாசலுக்கு எதிரே இருக்கும். பலி விலங்கின் மீது தண்ணீர் தெளித்து, வாற்கோதுமை தூவி, கழுத்தை அறுப்பார்கள். தொடை எலும்பைக் கொழுப்பில் சுற்றி நெருப்பில் இடுவார்கள். மேலே போகும் அந்தப் புகை தெய்வத்தின் பங்கு. மற்ற இறைச்சி மக்களுக்கு. பலிபீடம் மட்டும் இருந்து கோயிலே இல்லாத புனித இடங்கள் கிரேக்க நாடெங்கும் உண்டு.

இப்போது அக்ரோபோலிஸுக்கு வருவோம். பார்த்தெனானின் கிழக்கு வாசலுக்கு எதிரே அதற்கென்று ஒரு பெரிய பலிபீடம் இருந்ததற்குத் தடயம் கிடைக்கவில்லை. அதற்கெனத் தனிப் பூசாரி இருந்ததாகவும் சான்று இல்லை. அதீனாவின் பெரிய பலிபீடம் கொஞ்சம் வடக்கே தள்ளி, எரெக்தியோன் கோயிலை ஒட்டிய பகுதியில் இருந்தது. குன்றின் மூத்த வழிபாடு முழுவதும் அந்த வடக்குப் பக்கத்தைச் சுற்றித்தான் நடந்தது. சுற்றுலாப் பயணிகள் பார்த்தெனானைப் படம் எடுத்துவிட்டு, பெண் சிலைத் தூண்களுக்காக மட்டும் எட்டிப் பார்க்கும் அந்தச் சின்னக் கட்டடத்தில்தான் அக்ரோபோலிஸின் மத வாழ்க்கை குடியிருந்தது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

குன்றின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 156 மீட்டர் உயரம், மேலே தட்டையான சுண்ணாம்புக்கல் பாறை, மேற்குப் பக்கம் தவிர மற்ற பக்கங்களில் செங்குத்துச் சரிவு. கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் வெண்கலக் காலக் கிரேக்கர்களான மைசீனியர்கள் பிரம்மாண்டமான கற்களால் இதைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். அப்போது இது அரசனின் கோட்டை. அரசர்கள் போன பிறகு மெல்ல மெல்லத் தெய்வங்களின் இடமாக ஆனது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் கற்கோயில்கள் எழுந்தன. கி.மு. 480-இல் பாரசீகப் படை ஏதென்ஸுக்குள் புகுந்து எல்லாவற்றையும் எரித்தது. அப்போது பார்த்தெனான் இருக்கும் இடத்தில் வேறொரு பளிங்குக் கோயில் பாதி கட்டிய நிலையில் இருந்தது. அதன் தூண் உருளைகளை எடுத்து வடக்கு மதிலில் வரிசையாகப் பதித்துவிட்டார்கள். நகரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் இன்றும் அவை தெரியும். உடைந்த சிலைகளைக் குன்றின் மேலேயே புதைத்தார்கள். 1880-களில் தோண்டியபோது, வண்ணம் மங்காத இளம்பெண் சிலைகள் அப்படியே வெளியே வந்தன.

பாரசீகர்கள் வந்த சமயத்தில் நடந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இரண்டு விஷயங்களை எழுதுகிறார். குன்றைக் காக்கும் ஒரு பெரிய பாம்பு கோயிலில் வாழ்வதாக ஏதென்ஸ் மக்கள் நம்பினார்கள். மாதாமாதம் அதற்குத் தேன் கலந்த அப்பம் படைப்பார்கள். பாரசீகர்கள் வருவதற்கு முன் படைத்த அப்பம் தொடாமல் கிடந்தது என்று பெண் பூசாரி அறிவித்தார். அதீனாவே குன்றை விட்டுப் போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டு மக்களும் ஊரைக் காலி செய்தார்கள். அடுத்தது, தீயில் கருகிய புனித ஆலிவ் மரம். மறுநாள் பலி கொடுக்க மேலே போனவர்கள், அடிமரத்திலிருந்து ஒரு முழ நீளத்துக்குப் புதுத் தளிர் விட்டிருந்ததைப் பார்த்தார்களாம். பாம்பு, மரம், பெண் பூசாரி மூன்றுமே வடக்குப் பக்கத்தைச் சேர்ந்தவை.

அங்கேதான் அதீனா போலியாஸ், அதாவது நகரத்தைக் காக்கும் அதீனா, குடியிருந்தாள். ஆலிவ் மரத்தில் செய்த பழைய சிலை. வானத்திலிருந்து விழுந்தது என்று ஊர் நம்பியது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய பௌசேனியஸ், அக்ரோபோலிஸிலேயே மிகப் புனிதமானது இந்தச் சிலைதான் என்கிறார். அதன் முன் சிற்பி கல்லிமாக்கஸ் செய்த தங்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு தடவை எண்ணெய் ஊற்றினால் ஒரு வருஷம் எரியும் என்றும், புகை போவதற்கு மேலே வெண்கலத்தில் ஒரு பனை மரம் இருந்தது என்றும் எழுதியிருக்கிறார்.

இந்தச் சிலைக்குரிய பெண் பூசாரி எத்தியோபூதாதய் என்ற பழைய குலத்திலிருந்து மட்டும் வருவார். ஆயுள் முழுக்கப் பதவி. லிசிமாக்கே என்பவர் 64 வருஷம் பணி செய்தார் என்று ரோம எழுத்தாளர் பிளினி குறிப்பிடுகிறார். இவர்களின் அதிகாரமும் லேசானது இல்லை. கி.மு. 508-ஐ ஒட்டி ஸ்பார்ட்டா மன்னர் கிளியோமெனஸ் படையுடன் குன்றைக் கைப்பற்றிக் கருவறைக்குள் நுழையப் போனபோது, பெண் பூசாரி இருக்கையிலிருந்து எழுந்து, டோரிய இனத்தவர் (ஸ்பார்ட்டர்கள் சேர்ந்த கிரேக்கப் பிரிவு) உள்ளே வரக் கூடாது என்று தடுத்துவிட்டார். மன்னரோ, நான் டோரியன் இல்லை, அக்கேயன் என்று வாதாடினார். படையோடு வந்தவரும் வாசலில் நின்று நியாயம் பேச வேண்டியிருந்தது.

இந்தச் சிலையின் வீடாகத்தான் எரெக்தியோன் கட்டப்பட்டது, கி.மு. 421 முதல் 406 வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். கிரேக்கக் கோயில் என்றாலே ஒழுங்கான செவ்வகம், நான்கு பக்கமும் சமமான தூண்கள் என்று பழகிய கண்ணுக்கு இது விசித்திரமாகத் தெரியும். வடக்கும் மேற்கும் மற்ற பக்கங்களைவிட சுமார் 3 மீட்டர் தாழ்வு. வடக்கே ஒரு பெரிய முகமண்டபம், தெற்கே ஆறு பெண் சிலைகள் தாங்கும் சின்ன மண்டபம். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவு. கட்டியவருக்குச் சமச்சீர் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். பாறையைச் சமன் செய்து ஒரே மட்டத்தில் கட்டியிருக்கலாம். செய்யவில்லை, ஏனென்றால் அங்கே தொடக் கூடாத இடங்கள் இருந்தன. ஏதென்ஸ் யாருக்கு என்று அதீனாவும் கடல் தெய்வம் பொசைடனும் போட்டியிட்டபோது பொசைடன் திரிசூலத்தால் குத்திய தழும்பு பாறையில் இருப்பதாக நம்பினார்கள். அந்தக் குத்தில் பிறந்த உப்புநீர்க் கிணறு உள்ளே இருந்தது. அதீனா தந்த ஆலிவ் மரம் மேற்கே நின்றது. ஆதி மன்னன் கெக்ரோப்ஸின் கல்லறை தென்மேற்கு மூலையில், பெண் சிலை மண்டபத்துக்குப் பக்கத்தில். இன்னொரு மன்னன் எரெக்தியஸுக்குப் பொசைடனோடு சேர்த்து வழிபாடு. இத்தனையையும் அதனதன் இடத்தில் விட்டுவிட்டு மேலே கூரை போட்டதால் வந்த வடிவம் இது.

வடக்கு மண்டபத்தின் தரையில் ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் பாறையில் பள்ளங்கள். அதற்கு நேர் மேலே கூரையிலும் ஒரு திறப்பு. தெய்வம் தாக்கிய இடம் வானத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்பதற்காக, பளிங்குக் கூரையில் வேண்டுமென்றே விட்ட ஓட்டை அது. குன்று முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த கட்டடக்கலை முடிவு இதுதான். எரெக்தியோனின் நுழைவாயிலுக்கு முன்னால், தெய்வங்களின் அரசனான உச்சிவான ஜீயஸுக்கு ஒரு பீடம் இருந்ததாகவும், அதில் உயிர்ப்பலி கிடையாது, திராட்சை மதுவும் கிடையாது, அப்பம் மட்டும்தான் என்றும் பௌசேனியஸ் சொல்கிறார்.

இந்தக் கட்டட வேலையின் கணக்குகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள், கி.மு. 409-ஐ ஒட்டியவை நிறையக் கிடைத்திருக்கின்றன. குடிமக்கள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள், அடிமைகள் மூவரும் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள், பெரும்பாலும் நாள் கூலி ஒரு டிராக்மா என்ற வெள்ளி நாணயம். அடிமையின் கூலி அவன் எஜமானுக்குப் போயிருக்கும், அது வேறு விஷயம்.

அப்புறம் விழாக்கள். பெரியது பானதெனையா, கோடையின் நடுவில் வரும். வருஷா வருஷம் உண்டு, நான்கு வருஷத்துக்கு ஒரு முறை மிக விமரிசையாக. அந்தப் பெரிய விழா கி.மு. 566-இல் ஏற்பட்டது என்பது மரபு. ஊர்வலம் நகர வாசலில் கெராமெய்க்கோஸ் பகுதியில் கிளம்பி, சந்தைவெளி வழியாகக் குன்றேறும். பலி மாடுகள், கூடை சுமக்கும் கன்னிப்பெண்கள், தட்டு ஏந்தும் வெளியூர்க் குடிகள், இசைக்காரர்கள், குதிரை வீரர்கள் எல்லாரும் அதில் உண்டு. போய்ச் சேரும் இடம் அதீனாவின் பெரிய பலிபீடம். மரச் சிலைக்குச் சாத்த ஒரு புது ஆடை, பெப்லோஸ், கொண்டு போவார்கள். ஒன்பது மாதங்களுக்கு முன்பே தறியில் ஏற்றி, அரக்கர்களோடு தெய்வங்கள் போரிடும் காட்சியை அதில் நெய்திருப்பார்கள். சிற்பி ஃபிடியாஸ் செய்த தங்கச் சிலை பக்கத்துப் பார்த்தெனானில் பளபளத்துக்கொண்டிருந்த காலத்திலும் அந்த ஆடை பழைய ஆலிவ் மரச் சிலைக்குத்தான் போனது.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று வருடாந்திர விழாவின் ஏற்பாட்டைச் சொல்கிறது. வாங்கிய மாடுகளில் மிக அழகான ஒன்றை நைக்கே, அதாவது வெற்றி தரும் அதீனாவின் பீடத்தில் பலியிட வேண்டும், மற்றவை பெரிய பீடத்தில். இறைச்சியைக் கெராமெய்க்கோஸில் வைத்து, ஒவ்வொரு ஊர்ப்பிரிவிலிருந்தும் எத்தனை பேர் ஊர்வலத்தில் வந்தார்களோ அதற்கேற்பப் பங்கிட வேண்டும். சாதாரண மக்கள் மாட்டிறைச்சி சாப்பிட்டது பெரும்பாலும் இப்படிப்பட்ட பலி நாட்களில்தான். மதமும் விருந்தும் ஊராட்சியும் ஒன்றாகக் கலந்திருந்ததை இந்த ஒரு கல்லிலேயே பார்க்கலாம்.

இதற்கு நேர்மாறான நாளும் உண்டு. பிளிந்தேரியா அன்று மரச் சிலையின் நகைகளையும் ஆடைகளையும் கழற்றி, மூடி வைத்து, துணிகளைத் துவைப்பார்கள். தெய்வம் முகம் காட்டாத நாள் என்பதால் நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டார்கள். தளபதி அல்கிபியாடிஸ் பல வருஷம் கழித்து ஊர் திரும்பியது சரியாக அந்த நாளில். அது கெட்ட சகுனம் என்று பேசப்பட்டதை வரலாற்றாசிரியர் ஸெனஃபோன் பதிவு செய்திருக்கிறார்.

இன்னும் இரண்டு சடங்குகளையாவது சொல்லாமல் போக முடியாது. 7 முதல் 11 வயதுக்குட்பட்ட இரண்டு சிறுமிகள் குன்றின் மேலேயே தங்கி அதீனாவுக்குப் பணி செய்வார்கள். பணி முடியும் இரவில் பெண் பூசாரி கொடுக்கும் ஒரு பொருளைத் தலையில் சுமந்து, நிலத்தடி வழியாகக் கீழே இறங்கி, அங்கே வைத்துவிட்டு, வேறொன்றை மூடியபடி எடுத்து வருவார்கள். அது என்ன என்று கொடுப்பவருக்கும் தெரியாது, சுமப்பவர்களுக்கும் தெரியாது. இன்னொன்று நகர் காக்கும் ஜீயஸின் பீடத்தில் நடப்பது. பீடத்தில் தானியத்தைப் பரப்பி மாட்டை விடுவார்கள். அது தின்றவுடன் ஒருவர் கோடாலியால் வெட்டிவிட்டு, கோடாலியைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார். பிறகு வெட்டியவர் யாரென்றே தெரியாதது போல் அந்தக் கோடாலியை விசாரணைக்கு நிறுத்துவார்கள். உழவுக்கு உதவும் விலங்கைக் கொல்வதில் இருந்த உறுத்தலை இந்தச் சடங்கில் பார்க்கிறேன்.

இவ்வளவு பின்னணியோடு பார்த்தெனானுக்கு வரலாம். கி.மு. 447-இல் ஏதென்ஸின் தலைவர் பெரிக்லிஸின் முயற்சியில் வேலை தொடங்கியது. இக்டினஸும் கல்லிக்ரேட்டஸும் கட்டடக் கலைஞர்கள், சிற்ப வேலை ஃபிடியாஸின் பொறுப்பு. கி.மு. 438-இல் சிலை பிரதிஷ்டை, 432-இல் சிற்பங்கள் முடிந்தன. சுமார் 16 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெந்தெலிகோன் மலையிலிருந்து பளிங்கு வந்தது. மேல்தளம் 69.5 மீட்டர் நீளம், 30.9 மீட்டர் அகலம்; முன்னும் பின்னும் எட்டு எட்டாக, பக்கங்களில் பதினேழு பதினேழாக, மொத்தம் 46 வெளித்தூண்கள், ஒவ்வொன்றும் 10.4 மீட்டர் உயரம். அகலத்துக்கும் நீளத்துக்கும் 4-க்கு 9 என்ற விகிதம். இந்தக் கட்டடத்தில் நேர்க்கோடு என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை. தளம் நடுவில் லேசாக மேலெழும்பும், குறுகிய பக்கத்தில் சுமார் 6 சென்டிமீட்டர், நீண்ட பக்கத்தில் சுமார் 11. தூண்கள் நடுவில் சற்றே பருத்து உள்நோக்கிச் சாய்கின்றன. மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடத் தடிமன். இதனால் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக அளந்து செதுக்க வேண்டியிருந்தது. ஒரு கல்லின் இடத்தில் இன்னொன்று உட்காராது.

உள்ளே சுமார் 12 மீட்டர் உயரத்தில் தங்கமும் தந்தமும் கொண்ட அதீனா. குன்றின் மேல் காற்று வறண்டிருப்பதால் தந்தத்துக்கு நீரின் ஈரம் தேவைப்பட்டது என்று பௌசேனியஸ் எழுதுகிறார். தங்கத்தின் எடை 40 தாலந்து, ஏறத்தாழ 1,000 கிலோ என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸின் கணக்கு. முக்கியமான விஷயம், அந்தத் தகடுகள் கழற்றக்கூடியவை. ஸ்பார்ட்டாவுடன் போர் தொடங்கிய நேரத்தில் பெரிக்லிஸ் நகரத்தின் கையிருப்பைப் பட்டியலிட்டபோது இதையும் சேர்த்துச் சொன்னார். நெருக்கடியில் எடுக்கலாம், ஆனால் எடுத்ததைத் திருப்பி வைக்க வேண்டும் என்றார். கி.மு. 300-ஐ ஒட்டி லக்காரெஸ் என்ற சர்வாதிகாரி எடுத்தே விட்டார்.

கருவூலம் என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது, அதில் உண்மை நிறைய இருக்கிறது. கி.மு. 454-இல் ஏதென்ஸ் தலைமையிலான கூட்டணி நகரங்களின் பொது நிதி டெலோஸ் தீவிலிருந்து ஏதென்ஸுக்கு மாற்றப்பட்டது. ஒவ்வொரு நகரமும் கட்டிய திறையில் 60-இல் ஒரு பங்கு அதீனாவுக்குக் காணிக்கை. அந்தப் பட்டியல்களும் கல்லில் இருக்கின்றன. பார்த்தெனானின் மேற்கு அறை உட்பட அதன் அறைகளில் வைத்த வெள்ளிக் கிண்ணங்கள், கட்டில்கள், கவசங்கள் போன்றவற்றை வருஷா வருஷம் எண்ணிக் கணக்கு வெட்டினார்கள். போர்க்காலத்தில் ஏதென்ஸ் அரசு அதீனாவின் பணத்தை வட்டிக்குக் கடன் வாங்கியதற்கும் கல்வெட்டு இருக்கிறது. தன் தெய்வத்துக்கே வட்டி கணக்குப் பார்த்து எழுதி வைத்த நகரம் அது.

அப்படியானால் கோயிலா, கருவூலமா? என் பதில்: பார்த்தெனான் ஒரு காணிக்கை. குன்றின் மேல் வைத்த ஆயிரக்கணக்கான காணிக்கைகளில் மிகப் பெரியது. அதன் உள்ளே இருந்த சிலையும் காணிக்கை, பாத்திரங்களும் காணிக்கை, சுவர்களும் காணிக்கை. தெய்வத்தின் சொத்தைத் தெய்வத்தின் வீட்டில் வைப்பது கிரேக்கர்களுக்கு இயல்பு. அதை மதமா நிதியா என்று பிரித்துக் கேட்டிருந்தால் அவர்களுக்கே கேள்வி புரிந்திருக்காது. கட்டடத்தைச் சுற்றி உயரத்தில் ஓடும் 160 மீட்டர் சிற்பப் பட்டையில் ஓர் ஊர்வலம் போகிறது. குதிரை வீரர்கள், பலி மாடுகள், கடைசியில் கிழக்கு வாசலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் தெய்வங்கள், நடுவில் மடித்த ஒரு துணி. பானதெனையாவும் அதன் பெப்லோஸும்தான் இது என்பது பெரும்பாலானவர்கள் ஏற்கும் விளக்கம். எரெக்தியஸின் மகள் பலியாகும் புராணக் காட்சி என்று வாதிடுபவர்களும் உண்டு. எனக்கு முதல் விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது. நிஜ ஊர்வலம் குன்றின் மேற்கு வாசலில் நுழைந்து முதலில் பார்ப்பது பார்த்தெனானின் பின்புறத்தை. பிறகு அதன் வடக்குப் பக்கமாகவே நடந்து பலிபீடத்துக்குப் போகும், தலைக்கு மேலே கல் ஊர்வலம் அதே திசையில் கூடவே வரும்.

இதற்கும் ஒரு திருத்தம் வேண்டும். பார்த்தெனானில் வழிபாடே இல்லை என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. மீட்புப் பணியில் பல பத்தாண்டுகள் ஈடுபட்ட மனோலிஸ் கொர்ரேஸ், வடக்குத் தூண் வரிசைக்குள் ஒரு சின்னக் கோயிலும் ஒரு வட்டப் பலிபீடமும் இருந்த தடயத்தைக் கண்டுபிடித்தார். ஏற்கெனவே அங்கே இருந்த ஒரு வழிபாட்டை இடிக்காமல் புதுக் கட்டடத்துக்குள்ளேயே வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். எரெக்தியோனில் செய்ததன் சின்ன வடிவம் இது.

பழைய இடத்துக்குக் கட்டடம் விட்டுக்கொடுப்பது நுழைவாயிலிலும் தெரியும். மினெசிக்கிளீஸ் வடிவமைத்த ப்ரோபிலையா, கி.மு. 437 முதல் 432 வரை கட்டப்பட்டது. நடுவில் பலி விலங்குகள் ஏறிவர படியில்லாத சரிவு, பக்கங்களில் மனிதர்களுக்குப் படிகள். வடமேற்குப் பகுதி முழுசாக இருக்க, தென்மேற்குப் பகுதி குறுகிப் போயிருக்கும். அங்கே வெற்றி தரும் அதீனா நைக்கேயின் இடம் இருந்தது. நைக்கேயின் சின்னக் கோயில் நிற்கும் திண்ணைக்கு வெளிப்பூச்சாகப் புதுக் கல் வைத்தபோது, உள்ளே இருந்த மைசீனியக் காலக் கல் வெளியே தெரியும்படி ஒரு திறப்பு விட்டார்கள். இந்தக் கோயிலின் பெண் பூசாரி எல்லா ஏதென்ஸ் பெண்களிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டார். வருஷத்துக்கு 50 டிராக்மா சம்பளம், பொதுப் பலிகளின் கால்களும் தோல்களும் அவருக்கு. குலவழி போலியாஸ் பூசாரி இருந்த அதே குன்றின் மேல், மக்களாட்சி தன் பங்குக்கு ஒரு பதவியை உருவாக்கியது.

கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் பெரிய அதீனா சிலையைக் கிறிஸ்தவர்கள் அகற்றினார்கள். தத்துவ அறிஞர் ப்ரோக்ளஸின் கனவில் ஒரு பெண் வந்து, ஏதென்ஸின் தலைவி உன் வீட்டில் தங்க விரும்புகிறாள் என்று சொன்னதாக அவருடைய மாணவர் மரினஸ் எழுதியிருக்கிறார். கட்டி ஒன்பது நூற்றாண்டு ஆன பிறகு, அந்தச் சிலையும் வெறும் காணிக்கை என்ற நிலையைத் தாண்டிவிட்டது.

அடுத்து பார்த்தெனான் கன்னி மரியாளின் தேவாலயமானது. கிழக்கு வாசல் இருந்த இடத்தில் பீடத்துக்கான அரைவட்டச் சுவர் வந்தது, மேற்கு வாசல் முன்வாசலாயிற்று. கட்டடம் திசை திரும்பி நின்றது. மக்கள் வாரந்தோறும் கூட்டமாக உள்ளே நின்று வழிபட்டது அப்போதுதான் தொடங்கியது. பிறகு உஸ்மானியர் ஆட்சியில் மசூதியாகவும் இருந்தது. 1687 செப்டம்பர் 26 அன்று, உள்ளே வெடிமருந்து வைத்திருந்தபோது வெனிஸ் படையின் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறியது. அதுவரை கூரையோடு, யாராவது ஒருவர் வணங்கும் இடமாகத்தான் அது நின்றிருந்தது.